மணல் மூட்டை குனியாது

நான் முன்பு வேலை பார்த்த மோட்டார் பைக் பயிற்சி மைதானத்தின் வாசலில் புதிதாக ஒரு போர்டு வைத்திருக்கிறார்களாம். ‘பின்னிருக்கையில் அமரும் பெண்கள் வளைவுகளில் அசையக் கூடாது’ என்று மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்து. இப்போது அங்கே வேலை பார்க்கும் இரண்டு பெண்கள் போன ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்து சொன்னார்கள்.

“அது சரிதானாக்கா?” என்று ஒருத்தி கேட்டாள்.

“உங்க காலத்துல ஏதோ விசாரணை நடந்துச்சாமே, அதுல நீங்களே ப்ரூவ் பண்ணிக் காட்டினீங்களாமே? சம்பங்கி சார்தான் சொன்னார்” என்றாள் மற்றவள்.

காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன். நான் நிரூபித்தது என்ன, அவர்கள் எழுதி மாட்டியிருப்பது என்ன! அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன். இந்த மலரில் பணி ஓய்வு பெற்றவர்களுக்கென்று சில பக்கங்கள் ஒதுக்குகிறார்கள். அதற்கு எழுதட்டுமா என்று கேட்டபோது ஆசிரியர் குழுவிலிருந்த பெரியவர், “முப்பத்து நாலு வயசுல என்னம்மா ரிடையர்மெண்ட்?” என்று சிரித்தார். என் வலது முழங்கால் மடங்காது. பழக வந்த ஒருவர் வளைவின் நடுவில் முன்பிரேக்கை இறுக்கிப் பிடித்து, வண்டியோடு என்மேல் சாய்ந்ததில் போன கால் அது. மோட்டார் பைக் கற்றுக் கொடுப்பவளுக்குக் கால் மடங்காவிட்டால் அன்றோடு ஓய்வுதான். அது வயதைக் கேட்டுக்கொண்டு வருவதில்லை.

என் அப்பா கொத்தனார். அம்மா அவரோடு சித்தாள் வேலைக்குப் போனவர். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். பியூசி வரை படித்தேன், டைப்பிங்கும் பாஸ் செய்தேன். இதையெல்லாம் பெருமைக்காகத்தான் சொல்கிறேன். எழுபதுகளின் கடைசியில் மைசூர் மண்டி மொஹல்லாவிலிருந்த ஒரு மோட்டார் டிரைவிங் பள்ளியில் டைப் அடிக்கும் வேலைக்குச் சேர்ந்தேன். மலைக் கிராமங்களில் மருத்துவ நிலையங்கள் நடத்தும் ஒரு அறக்கட்டளை, தன் ஊழியர்களுக்கு வண்டி பழக்கித் தரும்படி அப்போது எங்கள் பள்ளியைக் கேட்டிருந்தது. ஆண்களுக்கு மலைச்சாலை, நர்ஸ்களுக்கு மைசூருக்குள் மட்டும். புதிதாகப் பழகுகிறவரின் இருக்கையைப் பிடித்துக்கொண்டு கூடவே ஓட ஒரு ஆள் வேண்டும். நர்ஸ்களோடு ஆண் ஓடினால் பேச்சு வரும்.

“அந்த டைப்பிஸ்ட் பொண்ணு இருக்குல்ல, அது ஓடட்டும்” என்றார் சம்பங்கி சார்.

ஓடுகிறவளுக்கு ஓட்டத் தெரிய வேண்டாமா என்று கேட்டேன். அந்த மழைக்காலம் முடிவதற்குள் கற்றுக்கொண்டு, நர்ஸ்களுக்குப் பயிற்சியாளராகவும் ஆகிவிட்டேன். காக்கி பேன்ட் தைத்துப் போட்டுக்கொண்டு சந்துக்குள் வண்டியில் போனால் ஆட்டோக்காரர்கள், “பேன்ட்டக்கா, ஸ்டாண்டை எடுத்தியா?” என்று கத்துவார்கள். எடுத்துவிட்டேன் என்று நன்றாகத் தெரியும். ஆனாலும் ஒவ்வொரு முறையும் குனிந்து பார்த்தேன். அந்த எரிச்சல் இன்னும் எனக்குப் போகவில்லை.

சம்பங்கி சார் எங்கள் தலைமைப் பயிற்சியாளர். வெள்ளை கேன்வாஸ் ஷூ, கழுத்தில் விசில், கையில் சுண்ணாம்புத் தூள் டப்பா. காலையில் மைதானத்துக்கு வந்ததும் முதல் வேலையாகத் தூளைக் கொட்டிக் கொட்டித் தரையில் ஒரு வளைவு போடுவார். இரண்டு வெள்ளைக் கோடுகள், நடுவில்தான் சாலை. பிறகு உள்கோட்டின் ஓரத்தில் போய் நின்றுகொள்வார். வண்டி வரும்போது ஓட்டுகிறவரின் முகத்தை அவர் பார்த்து நான் கண்டதில்லை. முழங்காலைத்தான் பார்ப்பார். முழங்கால் பெட்ரோல் டாங்க்கை விட்டு விலகினால் விசில். வளைவுக்குள் வந்த பிறகு பிரேக் பிடித்தால் நீளமான விசில். ஒவ்வொரு சுற்றுக்கும் முன்னால், “ஆயிதா?” என்று கன்னடத்தில் கேட்பார். ஆயிற்று என்று சொன்னால்தான் வண்டி நகர வேண்டும்.

நியாயமாகப் பேச வேண்டும். அவர் நன்றாகக் கற்றுக் கொடுப்பவர். வேகத்தை வளைவுக்கு வெளியிலேயே குறை. எங்கே வெளியே வரப் போகிறாயோ அங்கே பார். பள்ளத்தைப் பார்த்தால் பள்ளத்துக்குத்தான் போவாய். காலைத் தரையில் நீட்டாதே. முழங்கை தளர்ந்திருக்கட்டும். இவை எல்லாம் அவரிடம் கற்றவை. நர்ஸ்களுக்கு நான் சொல்லிக் கொடுக்கும்போது ஒன்றைச் சேர்த்துக்கொண்டேன். முழங்காலுக்கும் டாங்க்குக்கும் நடுவில் ஒரு எலுமிச்சம்பழம் வைப்பேன். சுற்றி வரும் வரை அது விழக்கூடாது. “ஆயுத பூஜை இன்னும் வரலியே டீச்சர்” என்று கிண்டல் செய்தவர்களும் பழம் விழாமல் ஓட்டப் பழகினார்கள்.

சம்பங்கி சாரிடம் ஒரு கோளாறு இருந்தது. பின்னால் ஆள் வைத்து ஓட்டும் பாடத்துக்கு அவர் மணல் மூட்டையைத்தான் கட்டுவார். ஒருவகையில் அவரைக் குற்றம் சொல்ல முடியாது. அந்நிய ஆணின் பின்னால் வந்து உட்கார எந்த வீட்டுப் பெண் சம்மதிப்பாள்? ஆகவே இருக்கையின் நடுவில் மூட்டை, அதைச் சுற்றிக் கயிறு. “உன் உடம்பும் வண்டியும் மூட்டையும் ஒரே கம்பி. கம்பியாவே சாயணும்” என்பார். ஆண்கள் எல்லாரும் கம்பியாகவே சாயக் கற்றுக்கொண்டு போனார்கள். சாலைக்குப் போனதும் பின்னால் ஏறியதோ, புடவை கட்டி, ஒரு பக்கமாக, கால் இரண்டையும் இடப்புறம் தொங்கவிட்டு உட்காரும் பெண்.

ஒரு பக்கமாக உட்கார்ந்து போயிருக்கிற எந்தப் பெண்ணுக்கும் நான் இதை விளக்க வேண்டியதில்லை. ஆண்களுக்காக எழுதுகிறேன். இடது வளைவில் வண்டி நம் முகம் இருக்கும் பக்கம் சாயும். அது பரவாயில்லை. வலது வளைவில் வண்டி நம் முதுகுப் பக்கம் சாயும். பிடிக்க ஒன்றும் இல்லாத ஸ்டூலை யாரோ பின்னால் சாய்ப்பது போல இருக்கும். உடம்பு நம்மைக் கேட்காது; தானாகவே முன்னால் குனியும். அதாவது வளைவுக்கு வெளிப்பக்கம் போகும். உடனே வண்டி நிமிரும், வளைய வேண்டிய அளவு வளையாமல் சாலையின் வெளி ஓரத்துக்கு ஓடும்.

ராஜேஸ்வரிக்கு நடந்தது இதுதான். மலையடிவாரத்து ஹனூர்ப் பெண், அந்த அறக்கட்டளையின் மலை நிலையத்தில் நர்ஸ். மலையில் இருக்கும் தமிழ்க் குடும்பங்களில் பிரசவம் என்றால் அவளைத்தான் கூப்பிடுவார்கள். நிலையத்தின் கம்பவுண்டர் சித்தராஜு வண்டி ஓட்டுவார், அவள் பின்னால் உட்கார்ந்து போவாள். சித்தராஜு எங்கள் மைதானத்தில், மணல் மூட்டையோடு, ஒரு விசில்கூட வாங்காமல் தேறியவர். ஹனூரைத் தாண்டி மலை ஏறும் சாலையில் ஒரு வலது வளைவில் வண்டி வெளி ஓரத்துச் சரளையில் போய் விழுந்தது. அவருக்குச் சிராய்ப்பு. அவளுக்குக் காறை எலும்பு முறிந்தது.

அறக்கட்டளையின் செயலாளர் விசாரிக்க மைசூருக்கு, எங்கள் பள்ளிக்கே வந்தார். ஜரிகை போட்ட பஞ்சகச்சம் இல்லை, சாதாரண வேட்டிதான். மேலே மூடிய கோட்டு. சித்தராஜுவும், கையைத் துணியில் தொங்கவிட்டபடி ராஜேஸ்வரியும் வந்திருந்தார்கள். அவர்கள் வருவதற்கு முன்பே சம்பங்கி சார் என்னிடம் ஒரு அறிக்கையை டைப் அடிக்கச் சொல்லியிருந்தார். ஓட்டியவருக்கு முழுப் பயிற்சி தரப்பட்டது, பின்னால் இருந்தவர் அசைந்ததே விபத்துக்குக் காரணம், இப்படிக்குப் பயிற்சியாளர்கள் இருவர். அடித்து முடித்துவிட்டு அவர் முன்னால் வைத்தேன். அவர் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பேனாவை என் பக்கம் நீட்டினார்.

“நான் போட மாட்டேன் சார்.”

“ஏம்மா?”

“எங்க வீட்ல கையெழுத்துன்னு ஒண்ணு போட்ட முதல் ஆள் நான். இதுக்குக் கீழ போட மாட்டேன்.”

“பெரிய கையெழுத்து! நம்ம ட்ரெய்னிங் சரியில்லைன்னு போச்சுன்னா நாளைக்கு இந்தக் கிரவுண்டே இருக்காது, தெரியுமா?” என்றார். பேனாவை மூடிக்கொண்டார்.

விசாரணை மைதானத்தில், மரத்தடி நாற்காலிகளில் நடந்தது. செயலாளர் சுற்றி வளைக்கவில்லை.

“நீ அசைஞ்சியா இல்லியாம்மா? ஒரே பேச்சு சொல்லு.”

ராஜேஸ்வரி எழுந்து நின்றாள். “அசஞ்சனுங்க. வேணும்னு அசையலீங்க. வண்டி சாஞ்சதும் பின்னால மல்லாக்க உழுகற மாதிரி இருந்துச்சுங்க. முன்னால குனிஞ்சுட்டனுங்க.”

“பாத்தீங்களா? அவளே ஒத்துக்கிட்டா” என்றார் அவர், சம்பங்கி சாரிடம். முடிந்தது என்பது போல நாற்காலியின் கையைத் தட்டினார்.

எனக்குக் கோபம் தாங்கவில்லை. உண்மையைச் சொன்ன ஒரே ஆள் அவள். அவள் சொன்ன உண்மையை அவள் கழுத்திலேயே கட்டுகிறார்கள்.

“சார், நீங்க ஒரு ரவுண்டு வாங்க” என்றேன் செயலாளரிடம்.

“எங்கே?”

“என் பின்னாடி. வண்டியில.”

“பொம்பளை ஓட்டி நான் பின்னாடியா?” அவர் சம்பங்கி சாரைப் பார்த்தார். சம்பங்கி சார் விசிலைப் பார்த்தார்.

“பயமா இருந்தா வேண்டாம் சார்” என்றேன். அதற்கு மேல் அவரால் உட்கார்ந்திருக்க முடியவில்லை. வேட்டி கட்டியிருந்ததால் வேறு எப்படியும் ஏற முடியாது. ஒரு பக்கமாகத்தான் உட்கார்ந்தார், கால் இரண்டும் இடப்புறம். நான் மணல் மூட்டைப் பாடத்தின்படியே ஓட்டினேன். அதே வேகம், கம்பி போல அதே சாய்வு. வலது வளைவுக்குள் நுழைந்ததும் அவர் என் சட்டைக் காலரைப் பிடித்த பிடியில் எனக்கு மூச்சு முட்டியது. வண்டி நிமிர்ந்து வெளிக்கோட்டுச் சுண்ணாம்பை அழித்துக்கொண்டு போய் நின்றது.

“அசைஞ்சீங்களா சார்?”

“நானா? சே சே. கல்லு மாதிரி இருந்தேன்.”

“சார், உங்க தலை உங்க முழங்கால் வரைக்கும் வந்துடுச்சு சார்” என்றார் சித்தராஜு. சொல்லிவிட்டு, சொல்லியிருக்கக் கூடாது என்று தெரிந்து நாக்கைக் கடித்துக்கொண்டார். அந்த மனிதர் கெட்டவர் இல்லை.

“இறங்காதீங்க சார், இன்னொரு ரவுண்டு” என்றேன். இந்த முறை வளைவுக்கு வெகு முன்பே வேகத்தைக் குறைத்தேன். வளைவின் உள்ளே என் இடுப்பை இருக்கையில் சற்று வலப்பக்கம் நகர்த்தி, வலது தோளைத் தாழ்த்தி, என் உடம்பைச் சாய்த்தேன். ஓட்டுகிறவர் சாய்ந்தால் வண்டி அதிகம் சாய வேண்டியதில்லை. வண்டி சாயாவிட்டால் பின்னால் இருப்பவருக்கு விழுகிற எண்ணமே வராது. அவர் வீட்டுப் பெஞ்சில் உட்கார்ந்திருப்பது போல வந்தார். காலரில் கை இல்லை. வண்டி இரண்டு கோட்டுக்கும் நடுவில் வளைந்து வெளியே வந்தது.

“இப்போ?”

“இப்ப நல்லா இருந்துச்சே.”

“நீங்க அதே ஆள்தான் சார். அதே மாதிரிதான் உக்காந்திருந்தீங்க. மாறினது ஓட்டினவ.”

அவர் இறங்கி வேட்டியில் ஒட்டியிருந்த சுண்ணாம்பைத் தட்டினார். வளைவைத் திரும்பிப் பார்த்தார். “புரிஞ்சுதும்மா. நல்லாப் புரிஞ்சுது” என்றார். நான் வென்றுவிட்டேன் என்று நினைத்தேன். ராஜேஸ்வரி நல்ல கையால் என் முழங்கையைப் பிடித்து அழுத்தினாள்.

அடுத்த வாரம் உத்தரவு வந்தது. மலைச்சாலைகளில் பெண் ஊழியர்களை வண்டியின் பின்னால் ஏற்றக் கூடாது. விபத்துக்குக் காரணம் பின்னால் இருந்தவரின் அசைவு. பயிற்சியாளர் ஒருவரே அதை ஓட்டிக் காட்டி நிரூபித்தார். ராஜேஸ்வரிக்கு இனி மைசூர் அலுவலகத்தில், மருந்து பிரித்துக் கட்டும் வேலை.

புரிந்ததாம்! இத்தனைக்கும் அவர் பொய் ஒன்றும் எழுதவில்லை. நான் காட்டிய இரண்டு சுற்றில் முதல் சுற்றை மட்டும் எழுதினார். இரண்டாவது சுற்றை எழுதியிருந்தால் ஆண்கள் எல்லாரும் திரும்ப வந்து பழக வேண்டியிருக்கும். அதைவிடப் பெண்ணை இறக்கிவிடுவது சுலபம். படிக்கத் தெரியாததால் என் அப்பாவையும் அம்மாவையும் பலர் ஏமாற்றியிருக்கிறார்கள். எனக்குப் படிக்கத் தெரியும். என் கண்ணெதிரே, என் பெயரை வைத்தே ஏமாற்றினார்கள்.

உத்தரவை எடுத்துக்கொண்டு சம்பங்கி சாரிடம் போனேன். அவர் டப்பாவில் சுண்ணாம்பு நிரப்பிக்கொண்டிருந்தார்.

“நீங்க ரெண்டாவது ரவுண்டைப் பாத்தீங்கதானே சார்?”

“பாத்தேன்.”

“அப்புறம் ஏன் சும்மா இருந்தீங்க?”

அவர் நிமிராமலே பேசினார். “ரூல்னா ஒரு வரில இருக்கணும்மா. அசையாதே. ஒரு வரி. நீ சொல்றது ஒரு முழுப் பாடம். யாரு உக்காந்து சொல்லிக் குடுக்கிறது?”

“பாடம் சொல்லிக் குடுக்கத்தானே சார் போர்டு மாட்டி வெச்சிருக்கோம்?”

அவர் டப்பாவை மூடினார். மறுநாளும் ஆண்கள் வகுப்பில் மூட்டைதான் கட்டினார்.

எலும்பு கூடியதும் ராஜேஸ்வரி பள்ளிக்கு வந்தாள். மருந்துப் பொட்டலம் கட்டிக் கட்டி விரலெல்லாம் நூல் அறுத்த கோடுகள். நான் ஆறுதல் சொல்ல ஆரம்பித்தேன். அவள் அதற்கு வரவில்லை.

“மலையில ரெண்டு பேருக்கு ஏழு மாசம் ஆயிருச்சுங்க்கா. சித்தராஜு அண்ணன் போயி நின்னா கதவையே தொறக்க மாட்டாங்க. பஸ்ஸுல நான் போய்ச் சேர்றதுக்குள்ள புள்ளைக்குப் பேரே வெச்சிருவாங்க.”

“உத்தரவை மாத்தச் சொல்லி மறுபடி எழுதுவோம்.”

“எதுக்குங்க்கா மாத்தோணும்? பின்னால ஏத்தக் கூடாதுன்னுதானே எழுதியிருக்காங்க. முன்னால உக்கார வேண்டாம்னு எங்கீங்க இருக்குது?”

உத்தரவை மறுபடி படித்தேன். எங்கேயும் இல்லை. மலைக்கு ஒரு பெண் தானே ஓட்டிக்கொண்டு போவாள் என்பது அந்த மனிதருக்குத் தோன்றவே இல்லை. தடை செய்யக்கூட அவருக்குத் தோன்றவில்லை. ஒரு வரி விதியில் அப்படியும் ஒரு வசதி.

நான் அவளை நகரத்துச் சாலைக்குப் பழக்கவில்லை, மலைக்குப் பழக்கினேன். கொண்டை ஊசி போலக் குறுகிய வளைவுகள், ஏற்றத்தில் கியர் மாற்றாமல் வளைவது, இறக்கத்தில் இரண்டு பிரேக்கையும் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடிப்பது. எலுமிச்சம்பழத்தை முதலில் பலமுறை விட்டாள். பின்னால் ஆள் வைத்து ஓட்டும் பாடத்துக்கு மணல் மூட்டை கட்டவில்லை. நானே உட்கார்ந்தேன், இரண்டு பக்கமும் கால் போட்டு, பேன்ட்டில். சம்பங்கி சார் தூரத்திலிருந்து அவள் முழங்காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். விசில் வரவில்லை.

லைசென்ஸ் கையில் வந்ததும் அவள் நேரே செயலாளரிடம் போய் நின்றாள். அவர் அவளை ஒரு மணி நேரம் காக்க வைத்தார். மறுக்க வேண்டுமானால் உத்தரவைத் திருத்த வேண்டும். திருத்தினால் முதலில் எழுதியதைத் தானே குறை சொன்னதாக ஆகும். அவள் மலைக்குப் போக அனுமதி கிடைத்தது இப்படித்தான். அவளுடைய உரிமை என்று நினைத்து யாரும் கொடுக்கவில்லை. அவள்மேல் போட்ட பழியை இன்றுவரை யாரும் எடுக்கவும் இல்லை.

அவள் மறுபடி மலையேறிய முதல் நாள் எனக்கு விடுமுறை. பஸ்ஸில் ஹனூர் போய் அவளோடு சேர்ந்துகொண்டேன். மேலே கோயிலுக்கும் போய் வரலாம் என்று அன்று புடவை கட்டியிருந்தேன். அவள் காக்கி பேன்ட், மேலே வெள்ளைக் கோட்டு, டாங்க்கின் மேல் பிரசவப் பை. நான் பின்னால் ஒரு பக்கமாக ஏறி உட்கார்ந்தேன். உத்தரவு அவர்களுடைய ஊழியர்களுக்குத்தான், எனக்கு இல்லை.

வழியில் அவள் பேசிக்கொண்டே வந்தாள். யார் வீட்டில் எந்தப் பிள்ளை, யாருக்கு இது எத்தனையாவது. திடீரென்று பேச்சை நிறுத்தினாள். எதிரே வலது வளைவு. வெளி ஓரத்தில் சரளை இன்னும் அப்படியே கிடந்தது.

எனக்கு எல்லாம் தெரியும். எந்த வளைவில் உடம்பு எங்கே போகும் என்று ஒரு அறக்கட்டளைக்கே ஓட்டிக் காட்டியவள் நான். வண்டி வளையத் தொடங்கியது. என் முதுகுக்குப் பின்னால் ஒன்றும் இல்லாதது போல இருந்தது. நினைப்பதற்குள் குனிந்துவிட்டேன். நெற்றி கிட்டத்தட்ட என் முழங்காலைத் தொட்டுவிட்டது. வண்டி இம்மிகூட விலகவில்லை. அவள் வலது தோள் மட்டும் இன்னும் கொஞ்சம் இறங்கியது. சாலையின் நடுவிலேயே வளைந்து மேலே ஏறினோம்.

“ராஜேஸ்வரி, நான் குனிஞ்சுட்டேன்” என்று காற்றில் கத்தினேன்.

“குனிவீங்கன்னு தெரியுமுங்க்கா” என்றாள், சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல். “அதுக்குத்தான் முன்னாலயே வேகத்தக் கொறச்சுட்டேன்.”